பிஆர்டிஎஸ் இருக்குனு நம்பி வேலைக்கு சேர்றவங்களுக்கு: அகமதாபாத்ல நான் பட்டதும் கத்துக்கிட்டதும்

அகமதாபாத்துக்கு புதுசா வர்ற நம்ம ஆளுங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அக்கா, மணிநகர்ல வீடு பாத்திருக்கோம், எஸ்ஜி ஹைவே பக்கம் ஆபீஸ், பிஆர்டிஎஸ்ல போயிட்டு வந்துரலாம்ல?" பிஆர்டிஎஸ்னா ரோட்டு நடுவுல தனிப்பாதைல ஓடுற இந்த ஊர் பஸ். போயிட்டு வந்துரலாம். ஆனா அந்த பதிலோட நிறுத்திட்டா நான் பட்ட அதே பாட்ட அவங்களும் படுவாங்க. நான் சேரும்போது இத எனக்கு சொல்ல ஆளே இல்ல. அதனால நடந்தத வரிசையா, காசு கணக்கோட எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2018ல வீட்டுக்காரருக்கு வட்வா பக்கம் ஒரு ஃபேக்டரில வேலை கிடைச்சு இங்க வந்தோம். வட்வாவுக்கு பக்கம்னு மணிநகர்ல வீடு எடுத்தோம். அந்த காலத்துல துணி மில்லு வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்ட தமிழ் குடும்பங்க மணிநகர், கோக்ரா பக்கம் நிறைய இருக்காங்க, ஊர் பாஷை தெரியாம வந்த எனக்கு அது பெரிய தெம்பா இருந்துச்சு. பையனுக்கு அப்ப மூணு வயசு. வந்து கொஞ்ச மாசத்துல எனக்கும் பிரஹ்லாத் நகர்ல ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை கிடைச்சுது, சம்பளம் 18,000. மணிநகர் ஊரோட தென்கிழக்கு மூலை, பிரஹ்லாத் நகர் மேற்கு ஓரம், நடுவுல சபர்மதி ஆறு, எப்படியும் பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும். யார்கிட்ட கேட்டாலும், கீழ் வீட்டு அக்கால இருந்து இன்டர்வியூ எடுத்தவர் வரைக்கும், "பிஆர்டிஎஸ் இருக்கே, முக்கா மணி நேரம்"னு ஒரே மாதிரி சொன்னாங்க. அவங்க சொன்னது பொய் இல்ல, பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிற நேரம் முக்கா மணி நேரம்தான். வீட்டுக் கதவுல இருந்து ஆபீஸ் கதவு வரைக்கும் எவ்ளோனு மட்டும் யாரும் சொல்லல.

பஸ்ஸ பத்தி முதல்ல நல்லத சொல்லிடுறேன், ஏன்னா எனக்கு அந்த பஸ் மேல இன்னைக்கும் மரியாதை இருக்கு. 2009 அக்டோபர்ல ஆர்டிஓல இருந்து பிரானா வரைக்கும் 12.5 கி.மீ. ஓட ஆரம்பிச்சது, செப்ட் யுனிவர்சிட்டிக்காரங்க டிசைன் பண்ணது, இப்ப 80 கி.மீ.க்கு மேல பரவியிருக்கு. ரோட்டு நடுவுல ரெண்டு பக்கமும் கம்பி போட்டு பஸ்ஸுக்குன்னே தனி பாதை. ஸ்டேஷனும் ரோட்டு நடுவுலயே இருக்கு. உள்ள நுழையும்போதே டிக்கெட் வாங்கிடணும், கண்டக்டர் கிடையாது, ஸ்டேஷன் தரையும் பஸ் தரையும் ஒரே மட்டம், கதவு திறந்தா வயசானவங்க கூட படி ஏறாம அப்படியே உள்ள போயிரலாம். நம்ம ஊர் பஸ் ஸ்டாப்ல முண்டியடிச்சு ஏறி, கண்டக்டர் சில்லறை கேட்டு, படில தொங்குறவங்க இறங்கி வழிவிட்டுனு ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் போகுமே, அது இங்க இல்ல. அதனாலதான் மத்த டவுன் பஸ் ஊர்ந்து போற நேரத்துல இது சராசரியா மணிக்கு 25 கி.மீ. பக்கம் போகுது. பெட்ரோல் பங்க் வாசல்ல ஜாம், பள்ளிக்கூட வாசல்ல ஜாம்னு பக்கத்து லேன் நின்னுட்டு இருக்கும், நம்ம பஸ் சிக்னல்ல மட்டும் நின்னு போயிட்டே இருக்கும்.

ஆனா தனிப்பாதையால குறையிறது பஸ் ஓடுற நேரமும் ஏறி இறங்குற நேரமும் மட்டும்தான். வீட்ல இருந்து ஸ்டேஷனுக்கு வர்றது, பஸ்ஸுக்கு காத்திருக்கிறது, இறங்கி ரோட்ட தாண்டுறது, அங்கிருந்து ஆபீஸ் போறது, இது எதுலயும் அந்த தனிப்பாதை நமக்கு ஒரு நிமிஷம் கூட மிச்சம் பண்ணித் தராது. நம்ம நேரமும் காசும் பாதிக்கு மேல போறது அங்கதான்.

முதல் வாரமே எனக்கு அது உறைச்சது. காலைல பையன கிரெஷ்ல விட வீட்ல இருந்து எதிர்திசைல பத்து நிமிஷம் நடக்கணும். அங்கிருந்து ஷட்டில் ஆட்டோ, அதாவது ஷேர் ஆட்டோ, பிடிச்சு பிஆர்டிஎஸ் ஸ்டேஷன் போக அது ஆள் நிரம்புற வரைக்கும் நின்னு ஒரு பத்து நிமிஷம். ஆபீஸ் பக்கம் நேரா போற கூமா பஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷத்துல இருந்து கால் மணி நேரம் வரைக்கும் காத்திருக்கணும். பஸ்ல முக்கா மணி நேரம். இஸ்கான் பக்கம் இறங்கி, சிக்னலுக்கு நின்னு ரோட்ட தாண்ட அஞ்சு நிமிஷம். அப்புறம் ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசி ஆபீஸ் போக இன்னொரு கால் மணி நேரம். எல்லாம் சேர்த்தா ஒன்றரை மணி நேரம் தாண்டிருது, அதுல பஸ் ஓடுனது பாதிதான். சாயங்காலம் திரும்ப இதே அளவு, இல்ல இன்னும் கொஞ்சம் கூட. ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ரோட்லயே போச்சு. எட்டரை மணி நேர வேலைக்கு மூணு மணி நேர பயணம்னா, வீட்டுக்கு வந்து குக்கர் வைக்கும்போது கை நடுங்கும், சத்தியமா சொல்றேன்.

காசு விஷயம் இன்னும் வேதனை. கணக்கு எழுதுறது என் தொழில்ங்கிறதால தினமும் ஒரு டைரில குறிச்சு வச்சேன். பஸ்ஸுக்கு ஒரு தடவைக்கு இருபது ரூபா பக்கம், போக வர நாப்பது. அது நியாயமான காசு, பதினஞ்சு கிலோமீட்டருக்கு இருபது ரூபாய்க்கு குறைய சொல்லி யாரும் கேக்க முடியாது. ஆனா வீட்டுப் பக்கம் ஷட்டில் பத்தும் பத்தும் இருபது. ஆபீஸ் பக்கம் தனி ஆட்டோ, காலைல முப்பத்தஞ்சு, சாயங்காலம் நாப்பது, மழை தூறுனா அறுபது. பஸ்ஸுக்கு நாப்பது ரூபா குடுத்துட்டு பஸ்ஸோட ரெண்டு நுனிக்கும் தொண்ணூறு நூறு குடுத்துட்டு இருந்தேன். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு, அப்ப மாசத்துக்கு மூவாயிரத்து ஐநூறு பக்கம் போகுது. வேலைக்கு சேரும்போது ஆயிரம் ரூபாய்ல முடியும்னுதான் எல்லாரும் சொன்னாங்க, பஸ் டிக்கெட் மட்டும் பாத்தா அந்த ஆயிரம் சரியாவும் இருக்கு.

இதோட முடியல. ஆபீஸ்ல மூணு தடவ லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் பிடிச்சிருவாங்க. அதுக்கு பஸ் காரணமே இல்ல, பஸ் பெரும்பாலும் ஒரே மாதிரி நேரத்துலதான் கொண்டு போய் விட்டுச்சு, ஷட்டில் நிரம்பாத நாள்லயும் ஆபீஸ் பக்கம் ஆட்டோ கிடைக்காத நாள்லயும்தான் லேட் விழுந்துச்சு. ஒன்பதரைக்கு பதிலா ஒன்பது நாப்பதுக்கு போனாலும் லேட் லேட்தான். மாசத்துக்கு அறுநூறு ரூபா பக்கம் அதுல போச்சு. கிரெஷ் ஆறரைக்கு மூடணும், அதுக்கு மேல அரை மணி நேரத்துக்கு ஐம்பது ரூபா. ஆறு மணிக்கு ஆபீஸ விட்டா ஏழரைக்கு முன்னாடி என்னால வரவே முடியாது, வீட்டுக்காரர் ஷிஃப்ட்ல இருக்கிற வாரம் வேற யாரும் இல்ல. அந்த லேட் ஃபீஸே மாசம் எழுநூறு எண்ணூறுனு வந்துச்சு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்த அன்னைக்கு ராத்திரி டைரிய மூடிட்டு அழுதேன். வேலைக்கு போறதுக்கே, பிள்ளைய விட்டுட்டு போறதுக்கே, பதினெட்டாயிரத்துல நாலுல ஒரு பங்க குடுத்துட்டு இருந்தேன். காச விட, கிரெஷ் வாசல்ல மத்த பிள்ளைங்க எல்லாம் போன பின்னாடி என் பையன் செருப்ப போட்டுக்கிட்டு பைய மாட்டிக்கிட்டு தனியா உக்காந்திருப்பான், அதுதான் என்னால தாங்க முடியல. "அம்மா பஸ் ஏன் மெதுவா வருது"னு கேப்பான். பஸ் வேகமாத்தான் வருதுன்னு அவனுக்கு எப்படி சொல்றது.

ஊர்ல அம்மாகிட்ட போன்ல சொன்னா வேலைய விடுன்னுதான் சொல்வாங்க, அதனால சொல்லல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா அவரும் என்ன செய்வார், அவருக்கும் ஷிஃப்ட். வேலைய விட்டுரலாமானு நெஜமாவே யோசிச்சேன், லெட்டர் கூட டைப் பண்ணி வச்சிருந்தேன்.

வெயில பத்தி தனியா சொல்லணும், அகமதாபாத் வெயில் தெரியாதவங்களுக்கு. 2016 மே மாசம் இங்க 48 டிகிரி தொட்டிருக்கு, மே மாசம் 43, 44ங்கிறது சாதாரணம். ஸ்டேஷன் ரோட்டு நடுவுல இருக்கிறதால எந்தப் பக்கம் போகணும்னாலும் வண்டிங்க ஓடுற ரோட்ட பாதி தாண்டியே ஆகணும். சிக்னல் விழுற வரைக்கும் நிழலே இல்லாம நிக்கணும். தாண்டி வந்தா நடைபாதைல பைக் நிறுத்தியிருப்பாங்க, கடைக்காரர் போர்டு வச்சிருப்பாரு, அதனால ரோட்டு ஓரமா இறங்கித்தான் நடக்கணும். "ஒரு கிலோமீட்டர்தானே, நடந்துருங்க"னு மேப்ப பாத்து சொல்றது சுலபம். டிசம்பர்ல நான் நடந்திருக்கேன், நல்லாவே இருக்கும். ஏப்ரல் பாதில இருந்து ஜூன் முடியிற வரைக்கும் மதியம் அது முடியாத காரியம், சின்னக் குழந்தைய தூக்கிட்டுனா நினைக்கவே வேண்டாம். அதனால நடக்கிற தூரத்த முடிவு பண்ணும்போது மே மாசத்த வச்சு முடிவு பண்ணுங்க.

நிலைமைய மாத்துனது எங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்க வர்ற ஒரு பென். இங்க பொம்பளைங்கள பேரோட பென் சேர்த்துதான் கூப்பிடுவாங்க, நம்ம அக்கா மாதிரி. அவங்க தானிலிம்டால இருந்து வருவாங்க, என்ன விட முன்னாடியே வந்துருவாங்க, முகத்துல அவசரமே இருக்காது. ஒரு நாள் நான் லேட் மார்க் வாங்கிட்டு உக்காந்திருக்கிறத பாத்துட்டு, நீ எங்க இறங்குற, எந்த பஸ்ல வர்றன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. அன்னைக்கு அவங்க எனக்கு சொன்னதுதான் இந்த எழுத்துல இருக்கிற பாதி.

முதல்ல, நேரா போற பஸ்ஸுக்கு காத்திருக்காதன்னு சொன்னாங்க. மணிநகர்ல இருந்து மேற்க போற பாதைல தானிலிம்டா, அஞ்சலி, நேரு நகர், சிவரஞ்சனி வரைக்கும் நிறைய பஸ் ஒரே தடத்துல ஓடுது, அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பிரியும். சிவரஞ்சனி வரைக்கும் போற எந்த பஸ் முதல்ல வந்தாலும் ஏறிடு, வேணும்னா அங்க மாறிக்கோ. ஸ்டேஷன விட்டு வெளிய வராத வரைக்கும் பஸ் மாற தனி டிக்கெட் கிடையாது, கிளம்புன ஸ்டேஷன்ல இருந்து வெளிய வர்ற ஸ்டேஷன் வரைக்கும் ஒரே காசு. இது எனக்கு தெரியவே தெரியாது! நம்ம ஊர்ல பஸ் மாறுனா புது டிக்கெட்தானே, அந்தப் பழக்கத்துல நேரடி பஸ்ஸுக்கு கால் மணி நேரம் நின்னுட்டு இருந்தேன், கண்ணு முன்னாடி மூணு பஸ் போகும். டிக்கெட் சீட்ட மட்டும் பத்திரமா வச்சிருங்க, வெளிய வரும்போதும் காட்டணும். அப்புறம் முன்னாடியே காசு ஏத்தி வச்சுக்கிற ஜன்மித்ரா கார்டு வாங்கிக்கிட்டேன், காலைல டிக்கெட் க்யூல நிக்கிற அஞ்சு நிமிஷம் மிச்சமாச்சு. இப்ப புதுசா வர்றவங்க கார்டா ஆப்பானு ஸ்டேஷன் கவுன்டர்லயே கேட்டுக்கோங்க, நடைமுறை அப்பப்ப மாறிட்டே இருக்கு.

ரெண்டாவது, இறங்குற இடத்த மாத்த சொன்னாங்க. ஆபீஸுக்கு மேப்ல எந்த ஸ்டேஷன் பக்கமோ அங்கதான் நான் இறங்கிட்டு இருந்தேன். ஆனா அங்க ஷட்டில் நிக்காது, தனி ஆட்டோதான். அதுக்கு முன்னாடியே சிவரஞ்சனில இறங்குனா நாலு பக்கமும் ஷட்டில் ஓடுது, பத்து ரூபாய்க்கு ஆபீஸ் தெரு முனை வரைக்கும் வந்துரலாம். தூரம் கூட, ஆனா காசு கால்வாசி, நேரமும் குறைவு, ஏன்னா அந்த முக்குல வண்டி உடனே நிரம்பும். புதுசா ஒரு ரூட்டுக்கு போறவங்களுக்கு நான் இதத்தான் முதல்ல சொல்றேன்: பக்கத்து ஸ்டேஷன தேடாதீங்க, ஷேர் ஆட்டோ நிக்கிற ஸ்டேஷன தேடுங்க. அது மேப்ல தெரியாது. காலைல ஆபீஸ் வாட்ச்மேன், டீக்கடைக்காரர், சம்பளம் கம்மியா வாங்குற ஸ்டாஃப், இவங்கள கேளுங்க. கார்ல வர்ற மேனேஜருக்கு இது தெரியாது.

மூணாவது, ரெண்டு பஸ் அடுத்தடுத்து வந்தா ரெண்டாவதுல ஏறுங்க. முன்னாடி ஒரு பஸ் கொஞ்சம் லேட்டானா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் அதுக்காக ஆள் சேர்ந்துருவாங்க, ஏத்த ஏத்த அது இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்றது காலியா அது முதுகுலயே ஒட்டிக்கிட்டு வரும். உலகத்துல எந்த ஊர் பஸ்ஸுக்கும் இது உண்டு. கூட்டமான பஸ்ல என் போன் ஒரு தடவ பர்ஸோட போச்சு, எட்டாயிரம் ரூபா போன், அதுக்கப்புறம் நான் முதல் பஸ்ல முண்டியடிக்கிறதே இல்ல. மணிநகர்ல ஏறுறவங்களுக்கு பஸ் கிளம்புற இடமே அதுங்கிறதால உக்கார சீட்டு கிடைக்கும், அது பெரிய வசதி, முக்கா மணி நேரம் நின்னுட்டு போறதுக்கும் உக்காந்து போறதுக்கும் அன்னைக்கு முழுக்க உடம்புல வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நேரம். ஒன்பது மணிய ஒட்டி எல்லா ஆபீஸ், காலேஜ் கூட்டமும் சேர்ந்துரும். அதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் முந்திக்கிட்டா பயணத்துலயும் நேரம் மிச்சமாகுது. கம்பெனில தைரியமா போய் கேட்டேன், ஒன்பதுக்கு வந்து அஞ்சரைக்கு போறேன்னு. முதல்ல முடியாதுன்னாங்க. டைரிய கொண்டு போய் லேட் ஆன நாளெல்லாம் காட்டி, ஒன்பதுக்கு வந்தா லேட்டே ஆகாது, மாசக் கடைசில வேணும்னா கூட இருக்கேன்னு சொன்ன பிறகு சரின்னாங்க. அந்த அரை மணி நேரம் என் வேலைய காப்பாத்துச்சுனே சொல்லலாம். கேக்க கூச்சப்படாதீங்க, குறிப்பா பொண்ணுங்க.

இதெல்லாம் செஞ்ச பிறகு ஒன்றரை மணி நேரம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு வந்துச்சு. செலவு மாசம் மூவாயிரத்து ஐநூறுல இருந்து ரெண்டாயிரத்துக்கு வந்துச்சு. பஸ் அதே பஸ், டிக்கெட் அதே டிக்கெட்.

இங்க ஒரு விஷயம் ஓபனா பேசணும். ஆபீஸ்ல எல்லாரும் "ஒரு ஆக்டிவா வாங்கிடு"ன்னுதான் சொன்னாங்க. நானும் கணக்கு போட்டுப் பாத்தேன். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல, அப்ப பெட்ரோல் எழுபது எழுபத்தஞ்சு ரூபா, ஒரு நாளைக்கு ஐம்பது ஐம்பத்தஞ்சு ரூபா பெட்ரோல். நேரம் ஐம்பது நிமிஷம். நான் முதல்ல செலவு பண்ணிட்டு இருந்த நூத்தி நாப்பது ரூபாயோட வச்சுப் பாத்தா வண்டி வாங்காதவங்களத்தான் ஏன்னு கேக்கணும். இந்த ஊர்ல இவ்ளோ நல்ல பஸ் இருந்தும் ஏன் இவ்ளோ ஸ்கூட்டர்னு கேக்குறவங்களுக்கு பதில் இந்தக் கணக்குலயே இருக்கு. பஸ்ஸோட நாப்பது ரூபா மட்டும்னா ஸ்கூட்டர் தோத்துரும், ரெண்டு நுனி ஆட்டோவும் சேரும்போது பஸ் தோத்துரும். ஷட்டில் கண்டுபிடிச்ச பிறகு எனக்கு எண்பது ரூபாய்ல முடிஞ்சுது. வண்டியோட தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணுதான். வெயில், மழை, விபத்து பயம் இதெல்லாம் நினைச்சு நான் பஸ்லயே இருந்துட்டேன். ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல வீடும் ஆபீஸும் இருக்கிறவங்களுக்கு இந்த பஸ்ஸ அடிச்சுக்க வேற வழியே கிடையாது, யோசிக்காம போங்க. ரெண்டு பக்கமும் ஆட்டோ தேவைப்படுறவங்க கணக்கு போட்டுப் பாத்துட்டு முடிவெடுங்க.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காதுங்கிறதையும் மனசுல வச்சுக்கணும். தனிப்பாதைன்னாலும் சில மேம்பாலம், பழைய ஊர்ப் பக்கத்து நெருக்கமான ரோடு மாதிரி இடங்கள்ல பஸ் மத்த வண்டிங்களோடதான் போகும். பைக்காரங்க, கார்காரங்க பாதைக்குள்ள புகுந்துருவாங்க, அபராதம் போட்டாலும் புகுறாங்க. கல்யாண சீசன்ல மாப்பிள்ளை ஊர்வலம் முழு ரோட்டையும் பிடிச்சுக்கும். நவராத்திரி ஒன்பது நாளும் சாயங்காலம் ஊரே கர்பா ஆட கிளம்பிரும், அந்த நாள்ல வீட்டுக்கு வர அரை மணி நேரம் கூட வச்சுக்கோங்க. பெரிய மழை பேஞ்சா அண்டர்பாஸ்ல தண்ணி நின்னு ஷட்டில் எல்லாம் வேற வழில சுத்தும், பஸ் ஓடும் ஆனா நம்மளால ஸ்டேஷனுக்கு வர முடியாது. இதுக்கெல்லாம் மாசத்துக்கு ஐநூறு ரூபா தனியா எடுத்து வைக்கிறது நல்லது. கொரோனா ரெண்டாவது அலை வந்தப்ப 2021 மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் பிஆர்டிஎஸும் ஏஎம்டிஎஸ்ங்கிற சாதாரண சிவப்பு டவுன் பஸ்ஸும் மொத்தமா நின்னுச்சு. ஆபீஸ் நிக்கல. போக மட்டும் ஆட்டோ இருநூறு ரூபாய்க்கு மேல. ரெண்டு பொண்ணுங்களோட சேர்ந்து ஒரு ஆட்டோவ மாசத்துக்கு பேசி சமாளிச்சோம். ஒரே வழிய நம்பி இருக்கிறவங்க பாடு எவ்ளோ கஷ்டம்னு அப்ப தெரிஞ்சுது, உங்க பக்கத்துல இருந்து யார் யார் அதே திசைல போறாங்கன்னு நல்ல காலத்துலயே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

இப்ப மெட்ரோ இருக்கேன்னு கேக்குறாங்க. 2022 செப்டம்பர் கடைசில தல்தேஜ்ல இருந்து வஸ்த்ரால் வரைக்கும் லைன் திறந்தாங்க, கலுப்பூர், காங்கரியா ஈஸ்ட், அமராய்வாடி பக்கம் இருக்கிறவங்க தல்தேஜ், குருகுல் பக்கம் வேலைக்கு போறதுன்னா கண்ண மூடிட்டு மெட்ரோல போங்க. எங்கள மாதிரி மணிநகர்ல இருந்து பிரஹ்லாத் நகர் பக்கம் போறவங்களுக்கு மெட்ரோவுக்கு போகவும் அங்கிருந்து வரவும் ஆகுற ஆட்டோ காசு பஸ்ஸ விட கூடிருது. திரும்பவும் அதே ரெண்டு நுனி கணக்குதான்.

சென்னைலயும் பிஆர்டிஎஸ் வரப்போகுதுன்னு பல வருஷமா பேச்சு அடிபடுது. வந்தா சந்தோஷம்தான். டெல்லில 2008ல அம்பேத்கர் நகர்ல இருந்து மூல்சந்த் வரைக்கும் போட்டாங்க, கார்காரங்க சத்தம் தாங்காம 2016ல பிச்சு எடுத்துட்டாங்க. இங்க நிலைச்சு நிக்குதுன்னா அது நல்லா ஓடுறதாலதான். ஆனா சென்னைல யாராவது அத கட்டும்போது நடைபாதையும், ரோட்ட தாண்டுற இடமும், ஷேர் ஆட்டோ நிக்க ஒரு ஓரமும் சேர்த்து கட்டணும்னு மனசார ஆசைப்படுறேன். பஸ்ஸுக்கு கோடி கோடியா போட்டுட்டு, அந்த பஸ் வரைக்கும் ஒரு பொம்பள குழந்தையோட நடந்து வர இடம் இல்லைன்னா எங்கள மாதிரி ஆளுங்கதான் அந்த காச ஆட்டோவுக்கு குடுத்துட்டு இருப்போம்.

இங்க புதுசா வீடு பாக்குறவங்களுக்கு கடைசியா கொஞ்சம். "பிஆர்டிஎஸ் பக்கத்துலயே"ன்னு புரோக்கர் சொன்னா நம்பாதீங்க, ஸ்டேஷன்ல இருந்து நீங்களே நடந்து பாருங்க, சாயங்காலம் இருட்டுன பிறகு ஒரு தடவ. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை நாள்ல, ஞாயித்துக்கிழமை இல்ல, காலைல எட்டே காலுக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து கிளம்பி ஆபீஸ் வாசல் வரைக்கும் போய் பாருங்க, செலவான ஒவ்வொரு ரூபாயும் எழுதுங்க. ஸ்டேஷன் பக்கத்துல வாடகை ஆயிரம் ஆயிரத்து ஐநூறு கூட இருக்கும், ஆட்டோ காசும் நேரமும் சேர்த்துப் பாத்தா அது பெரும்பாலும் லாபம்தான். சின்னக் குழந்தை இருக்கிறவங்க கிரெஷ வீட்டுக்கு பக்கத்துல பாக்காதீங்க, ஸ்டேஷனுக்கு பக்கத்துல பாருங்க. நான் பையன ஸ்டேஷன் பக்கத்து கிரெஷுக்கு மாத்துனதுல தினமும் இருபது நிமிஷமும் லேட் ஃபீஸும் மொத்தமா மிச்சமாச்சு. சேர்க்கும்போதே எத்தன மணி வரைக்கும் வச்சுப்பாங்க, அதுக்கு மேல எவ்ளோ, பஸ் ஓடாத நாள்ல என்ன செய்வாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. மணிநகர் பக்கம் யாருக்காவது ஷட்டில் எங்க நிக்கும், எந்த பஸ் எங்க பிரியும்னு தெரியணும்னா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.